கை தளர்ந்ததா, திருகாணி தளர்ந்ததா?

வைரத் தோடு வாங்கப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். பூதக் கண்ணாடி வைத்துத் தோஷம் தேடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கி, நல்ல கனவு வருகிறதா, கெட்ட கனவு வருகிறதா என்றுகூடச் சோதிப்பார்கள். ஆனால் அந்தத் தோட்டைக் காதோடு பிடித்து வைத்திருக்கும் திருகாணியை யாராவது ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தியில் வந்து உட்கார்ந்த என் அம்மாவின் இடது காது மூளியாக இருந்தது. ஏழு கல் தோடு! கூடம், முற்றம், கொல்லைப்புறம் எல்லாவற்றையும் பெருக்கிச் சலித்தார்கள். எச்சில் இலைகளைக்கூட ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்கள். தோடு போனது போனதுதான். அம்மா அழுத அழுகை இன்றும் என் நினைவில் இருக்கிறது. "எல்லாம் என் அஜாக்கிரதைதான்" என்று தன்னையே நொந்துகொண்டாள். மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டி கடைசியில் வாயைத் திறந்தாள்.

"நீ ஏண்டி அழறே? ஏழு கல்லையும் எண்ணி எண்ணிப் பார்த்து வாங்கினீங்களே, அதைப் பிடிச்சு வைக்கிற ஒரு ஆணியை யாராவது பார்த்தீங்களா?"

இந்தப் பழைய கதை போன கோடையில் எனக்கு நினைவுக்கு வந்தது. வந்த இடம் கனடாவின் தலைநகரமான ஒட்டாவா. காரணம் ஒரு துப்பாக்கி. பயப்படாதீர்கள். இது கொலைக் கதை அல்ல. அதற்கு இந்தப் பத்திரிகையிலேயே வேறு பக்கம் இருக்கிறது.

* * *

ஒட்டாவாவில் என் அக்கா இருக்கிறாள். லீவு போட்டுவிட்டு ஒரு மாதம் அவள் வீட்டில் தங்கினேன். போய் இறங்கிய மறுநாள் சனிக்கிழமை. காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு நீண்ட பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். வீணைப் பெட்டியாக இருக்குமோ என்று நினைத்தேன்.

"துப்பாக்கிடா" என்றாள் அக்கா, தோசையைத் திருப்பிக்கொண்டே.

"என்னது!"

"ஏண்டா அலறுறே? அவர் காகிதத்தைத்தான் சுடுவார். எழுபத்தொரு வயசு. பள்ளிக்கூடத்திலே கணக்கு வாத்தியாரா இருந்து ரிடையரானவர். அவர் சம்சாரம் ஆஸ்பத்திரியிலே நர்ஸா இருந்தவங்க. எனக்கு ஜுரம் வந்தா முதல்லே ஓடி வர்றவங்க அவங்கதான்."

நகரத்துக்கு மேற்கே, ஒட்டாவா நதிக்கரையில், கனாட் ரேஞ்ச் என்று ஒரு பெரிய மைதானம் இருக்கிறது. 1868-ல் தோன்றிய டொமினியன் ஆப் கனடா ரைஃபிள் அஸோஸியேஷன் என்னும் சங்கம் அங்கேதான் தன் பந்தயங்களை நடத்துகிறது. எங்கள் கணக்கு வாத்தியார் சனிக்கிழமைதோறும் போவதும் அங்கேதான்.

அவர் ஆடும் ஆட்டத்துக்கு 'எஃப் கிளாஸ்' என்று பெயர். தரையில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கியின் முன்புறம் இரண்டு கால் உள்ள ஒரு ஸ்டாண்டில் நிற்கும். குறிப்பலகை 1,000 கெஜத்துக்கு அப்பால். அதாவது 914 மீட்டர். நம் ஊரில் பஸ் ஏறினால் ஒரு ஸ்டாப்பைத் தாண்டி அடுத்த ஸ்டாப்புக்கே போய்விடலாம். அவ்வளவு தூரத்தில் இருக்கும் பலகையில் முழு மார்க் வாங்கித் தரும் வட்டம் 10 அங்குல அகலம்தான். சாப்பாட்டுத் தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் உள்ளே 5 அங்குலத்தில் இன்னொரு வட்டம். நம் காபி டபராவைவிடக் கொஞ்சம் பெரிது. சமமாக மார்க் வாங்கியவர்களில் யார் கெட்டிக்காரர் என்று தீர்ப்பதற்கு அது உதவும். குண்டு புறப்பட்டுப் பலகையை அடைய ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகிறது. "ராமா, ராமா" என்று சொல்லலாம்!

இந்த ஆட்டம் பிறந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. முன்பெல்லாம் இந்தத் தூரப் பந்தயங்களில் துப்பாக்கியின் மேல் தொலைநோக்கிக் கண்ணாடி வைக்க அனுமதி கிடையாது. முன்னும் பின்னும் உள்ள சின்னத் துவாரங்கள் வழியாகத்தான் குறி பார்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் துவாரத்தையும், தூரத்தில் இருக்கும் பலகையையும் கண் ஒரே சமயத்தில் சமாளிக்க வேண்டும். இளம் கண்ணுக்கு அது சாத்தியம். சாளேசுவரம் வந்துவிட்ட கண்ணுக்கு? ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வீட்டோடு தங்கிவிட்டார்கள்.

1990-களில் ஜார்ஜ் ஃபார்குவார்ஸன் என்ற கனடாக்காரர் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 'கண் மங்கினால் ஆட்டமும் முடிந்துவிட வேண்டுமா? வயதானவர்கள் ஸ்கோப் வைத்துக்கொள்ளட்டும், துப்பாக்கியை ஸ்டாண்டில் சாய்த்துக்கொள்ளட்டும்' என்பது அவர் கட்சி. அவர் பெயரின் முதல் எழுத்துத்தான் எஃப் கிளாஸின் 'எஃப்'. இன்று பல தேசங்களில் இது பரவிவிட்டது. 2017-ல் இதன் உலகப் போட்டியே இதே கனாட் ரேஞ்சில்தான் நடந்தது. வயதானவர்களுக்காக ஆரம்பித்த ஆட்டத்தில் இப்போது வாலிபர்களும் வந்து புகுந்துகொண்டார்கள்!

ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் தனித்தனிப் பந்தயம் கிடையாது. அது புதிய வழக்கமும் அல்ல. இங்கிலாந்தில் பிஸ்லி என்ற இடத்தில் நடக்கும் புகழ்பெற்ற பந்தயத்தில், 1930-ம் வருஷத்து ராஜா பரிசை மார்ஜரி ஃபாஸ்டர் என்ற பெண்மணி தட்டிக்கொண்டு போனார். அந்தப் பரிசை வென்ற முதல் பெண் அவர். கோழிப் பண்ணை வைத்துப் பிழைத்தவர். ஸ்கோப் இல்லாத காலத்தில், வெறும் கண்ணால் குறி பார்த்துச் செய்த சாதனை அது.

* * *

இரண்டாவது சனிக்கிழமை பெட்டி காரில் ஏறவில்லை. மூன்றாவது சனிக்கிழமையும் ஏறவில்லை. அன்று மாலை அந்த அம்மாள் ஆப்பிள் வைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சமையலறையில் உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"அவர் துப்பாக்கியை விற்றுவிடப் போகிறாராம்" என்றார்.

விஷயம் இதுதான். அந்த வருஷ ஆரம்பத்திலிருந்தே குறி தவறிக்கொண்டிருந்தது. ஒரு குண்டு தட்டுக்குள் விழுந்தால் அடுத்தது ஒரு முழம் மேலே. அதற்கடுத்தது இன்னொரு பக்கம். போன வருஷம் அப்படி இல்லை. பெரியவர் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடியின் முன் நின்று இரண்டு கைகளையும் நீட்டி, விரல் நடுங்குகிறதா என்று ரகசியமாகப் பார்த்திருக்கிறார். அவருடைய தகப்பனாருக்கு எழுபது வயதில் கைநடுக்க நோய் வந்ததாம். தமக்கும் வந்துவிட்டது என்றே தீர்மானித்துவிட்டார். டாக்டர் பரிசோதித்து ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகும் நம்பவில்லை.

"நாற்பது வருஷம் நடுங்கும் கைகளைப் பார்த்தவள் நான்" என்றார் அந்த அம்மாள். "நேற்றுக்கூட எனக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். ஒரே தடவையில்! ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கிற பாடம் என்ன தெரியுமா? ரத்த அழுத்தம் தாறுமாறாகக் காட்டினால், நோயாளியைப் பயமுறுத்துவதற்கு முன்னால் கையில் பட்டை சரியாகச் சுற்றியிருக்கிறதா என்று பார். கருவியைப் பார், கருவியைப் பார் என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். கேட்டால்தானே! 'என் ஸ்கோப் உயர்ந்த ரகம், அதில் குற்றம் இருக்காது' என்கிறார்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தானும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். அத்தான் இன்ஜினீயர். ஆகவே எதையாவது கழற்றலாம் என்றால் கூப்பிடாமலே வருவார். சாப்பாட்டு மேஜையில் கம்பளியை விரித்து, துப்பாக்கியை அதன்மேல் வைத்தார் பெரியவர். குண்டு போடும் அறை திறந்திருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்பதை எங்கள் இருவருக்கும் காட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

ஸ்கோப் நிஜமாகவே பிரமாதமானது. கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. அதைத் துப்பாக்கியோடு பிடித்து வைத்திருந்தது இரண்டு அலுமினிய வளையங்கள். இவற்றுக்கு 'மவுண்ட்' என்று பெயர். நாம் 'தாங்கி' என்று சொல்லுவோம். அத்தான் பின்பக்கத்து வளையத்தின் ஒரு திருகைத் தொட்டார். சாவி வேண்டியிருக்கவில்லை. இரண்டு விரலால் திருப்பினார், திரும்பியது. மேல்மூடியைக் கழற்றியதும் எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஸ்கோப்பின் கறுப்புக் குழாயில், வளையம் இருந்த இடத்தில், பளபளவென்று ஒரு கீறல். ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்கோப் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியிருக்கிறது.

பெரியவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தம் கைகளை மேஜைமேல் வைத்து, அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. அம்மாவின் தோட்டுக் கதையைச் சொன்னேன். பெரியவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்தார். கணக்கு வாத்தியார் அல்லவா!

* * *

அவர் காகிதக் கைக்குட்டையில் போட்டுக் காட்டிய கணக்கு இது. இரண்டு வளையங்களுக்கும் நடுவே உள்ள தூரம் சுமார் 12.7 சென்டிமீட்டர். பலகை இருப்பது 914 மீட்டரில். அதாவது, வளையத்தில் ஏற்படும் அசைவு பலகையில் ஏறக்குறைய 7,200 மடங்காகப் பெருகும். ஒரு வளையத்தில் ஸ்கோப் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நகர்ந்தால் போதும். மெல்லிய தலைமயிரின் கனம்தான் அது. பலகையில் குண்டு 36 சென்டிமீட்டர் தள்ளி விழும். முழு மார்க் வட்டத்தின் நடுவிலிருந்து அதன் விளிம்புக்கே 13 சென்டிமீட்டர்கூட இல்லை. தலைமயிர் அளவு தளர்ச்சி, தட்டைத் தாண்டி மேஜையையும் தாண்டி விடுகிறது!

இன்னொரு கதையும் சொன்னார். 1860-ம் வருஷம் ஜூலை மாதம் லண்டனுக்கு அருகே விம்பிள்டனில் இங்கிலாந்தின் தேசிய ரைஃபிள் சங்கம் தன் முதல் பந்தயத்தை நடத்தியது. விக்டோரியா மகாராணிதான் முதல் குண்டைச் சுட்டுத் துவக்கி வைத்தார். தூரம் 400 கெஜம். குண்டு நடு மத்தியை ஒட்டிப் போய்ப் பதிந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆனால் மகாராணி செய்ததெல்லாம் ஒரு பட்டுக் கயிற்றை இழுத்ததுதான். துப்பாக்கியை முன்கூட்டியே குறி பார்த்து ஓர் இரும்புத் தாங்கியில் அசையாமல் பொருத்தி வைத்திருந்தார்கள். "புகழ் மகாராணிக்கு, வேலை தாங்கிக்கு" என்றார் பெரியவர். பல குடும்பங்களிலும் இப்படித்தான் என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

அன்று மாலையே புதிய தாங்கி தேர்ந்தெடுக்கும் படலம் ஆரம்பமாயிற்று. பத்திரிகைக்காரன் ஆனதால் நான் குறிப்பு எடுத்துக்கொண்டேன். துப்பாக்கி உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் படியுங்கள். ஒரு சின்னப் பொருளை எவ்வளவு யோசித்து வாங்கலாம் என்பதற்காகவாவது!

முதலில் வளையத்தின் அளவு. வளையல் கடையில் 'இரண்டே கால்', 'இரண்டே அரை' என்று கேட்டு வாங்குகிறோமே, அப்படித்தான். ஸ்கோப்பின் குழாய் 25.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலம் இருக்கும். அல்லது 30, அல்லது 34. அவருடையது 30. வளையமும் 30 ஆகவே இருக்க வேண்டும். 'இழுத்துப் போட்டால் சரியாகிவிடும்' என்ற பேச்சுக்கே இங்கே இடம் இல்லை. வளையத்தின் உட்புறம் சரியான வட்டமாகக் கடைந்ததாக இருப்பதும் முக்கியம். பழைய மலிவு வளையத்தில் கோளாறே அதுதான். குழாயைச் சுற்றிலும் தழுவிப் பிடிக்காமல் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது, வளையம் உட்காரும் பட்டை. துப்பாக்கியின் முதுகில் குறுக்கே பள்ளம் பள்ளமாக வெட்டிய ஒரு நீண்ட பட்டையைத் திருகி வைக்கிறார்கள். 'ரெயில்' என்று அதற்குப் பெயர். பழைய ரகத்துக்கு வீவர் என்று பெயர். புதிய ரகம் பிக்கட்டினி. அமெரிக்காவில் உள்ள ஓர் ஆயுதசாலையின் பெயர் அது. 1995-ல் அமெரிக்க ராணுவம் இதன் அளவுகளை நிர்ணயம் செய்தது. பிக்கட்டினியில் பள்ளத்தின் அகலம் 5.2 மில்லிமீட்டர், வீவரில் 4.6. வீவர் வளையம் பெரும்பாலும் பிக்கட்டினிப் பட்டையில் உட்கார்ந்துவிடும். பிக்கட்டினி வளையம் வீவர் பட்டையில் உட்காராது. மெல்லிய ஊசி பெரிய துளையில் போகும், தடித்த ஊசி சின்னத் துளையில் போகாது என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும். தூரப் பந்தயத்துக்கு ஒரே துண்டாலான பிக்கட்டினிப் பட்டைதான் சிலாக்கியம். முன்னும் பின்னும் இரண்டு துண்டாக இருந்தால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு ஆச்சரியம் அளித்தது. பட்டை சமமாக இருக்கக் கூடாதாம். பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டுமாம்! ஏன்? குண்டு நேராகப் போவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் நாம் வீசும் பந்தைப்போல அதுவும் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. 100 கெஜத்துக்குச் சரிசெய்த துப்பாக்கியால் அப்படியே 1,000 கெஜத்தில் சுட்டால் குண்டு ஒன்பது மீட்டருக்கு மேல் கீழே போய்விடும். மூன்று மாடி உயரம்! அதைச் சரிக்கட்ட, ஸ்கோப்பில் உள்ள குமிழைத் திருப்பிக் குறியை மாற்றுகிறார்கள். ஒரு டிகிரியை 60 பங்காக்கினால் ஒரு 'மினிட்'. 100 கெஜத்தில் அது ஓர் அங்குலம், 1,000 கெஜத்தில் பத்தரை அங்குலம். பெரியவரின் துப்பாக்கிக்கு 35 மினிட் உயர்த்த வேண்டியிருந்தது. அவருடைய ஸ்கோப்பில் மொத்தமே 60 மினிட்தான் உண்டு. நடுவிலிருந்து மேலே 30, கீழே 30. ஐந்து மினிட் போதவில்லை.

இதற்காகவே 20 மினிட் சரிவோடு பட்டைகள் செய்கிறார்கள். மேலே 30 மினிட்டாக இருந்தது 50 ஆகிவிடும். 15 சென்டிமீட்டர் நீளப் பட்டையில் பின்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே உயர்ந்திருக்கிறது. கண்ணால் பார்த்தால் தெரியாது. "20-க்கு இவ்வளவு லாபம் என்றால் 40 வாங்கிவிடலாமே?" என்று நான் கேட்டேன். பெரியவர் வகுப்பில் மக்குப் பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். 40 வைத்தால் ஸ்கோப்பைக் கீழே இறக்க 30 மினிட்தான் இருக்கிறது. பிறகு 100 கெஜத்தில் குறியே பார்க்க முடியாது! உப்பு வேண்டும் என்பதற்காக ஒரு கைப்பிடி போடலாமா?

நான்காவது, உயரம். ஸ்கோப்பின் பெரிய கண்ணாடி துப்பாக்கிக் குழாயில் இடிக்காமல் சில மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதற்காக மிகவும் உயர்த்திவிட்டால், கன்னம் கட்டையில் படியாமல் அந்தரத்தில் நிற்கும். கழுத்து வலிக்கும், குறியும் தவறும். கன்னம் சுகமாகப் படிந்த நிலையில் கண் தானாக ஸ்கோப்புக்கு நேரே வர வேண்டும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் எட்டுப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியும் வேண்டும். இல்லாவிட்டால் துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது புருவத்தில் ஒரு பிறைச்சந்திரன் விழுந்துவிடும்.

ஐந்தாவது, எடை. அவர் ஆடும் பிரிவில் துப்பாக்கி, ஸ்டாண்டு, ஸ்கோப், தாங்கி எல்லாம் சேர்ந்து 8.25 கிலோவுக்குமேல் போகக் கூடாது. தராசில் வைத்து நிறுத்துவிடுவார்கள். இரும்பு வளையம் உறுதியானதுதான். ஆனால் நன்றாகக் கடைந்த அலுமினியமே போதும், எடையும் மிச்சம் என்றார் அத்தான்.

* * *

புதிய தாங்கி வந்து சேர்ந்த அன்று அதைப் பொருத்துவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முதலில் பட்டையைத் துப்பாக்கியோடு பிடிக்கும் திருகுகள். ஸ்கோப் வந்து மேலே உட்கார்ந்துவிட்டால் இவை கண்ணில் படா. ஆகவே பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு வளையங்களை முன்பக்கமாகத் தள்ளிப் பள்ளத்தின் விளிம்போடு சேர்த்து இறுக்கினார். துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும் அல்லவா? முன்கூட்டியே முன்னால் தள்ளி வைத்தால் பிறகு நகர இடம் இருக்காது.

வளையத்தின் உட்புறத்தை எண்ணெய்ப் பசை இல்லாமல் ஸ்பிரிட்டால் துடைத்தார். மேல்மூடியின் நான்கு திருகுகளையும் ஒரே தடவையில் இறுக்கவில்லை. இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கினார். இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டுமாம். இதற்கென்று அளவு காட்டும் சாவி ஒன்று இருக்கிறது. தயாரித்தவர்கள் எவ்வளவு சொல்கிறார்களோ அவ்வளவு வந்ததும் நிறுத்திவிட வேண்டியது. 'இன்னும் ஒரு திருப்பு இருக்கட்டும்' என்று பலத்தைக் காட்டினால் ஸ்கோப்பின் குழாயே நசுங்கிவிடும். தளர்ச்சி ஒரு குற்றம் என்றால் இறுக்கமும் ஒரு குற்றம்தான்.

ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோடு கோணலாக இல்லாமல் இருக்க, மேலே ஒரு சின்ன ரசமட்டம் வைத்தார். கொத்தனார் வைத்திருப்பாரே, அதன் பேரக் குழந்தை. துப்பாக்கி ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால்கூட 1,000 கெஜத்தில் குண்டு 16 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போய்விடுமாம்.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் எழுந்தபோது அந்த அம்மாள், "ஒரு நிமிஷம்" என்றார். உள்ளே போய்த் தம்முடைய சிவப்பு நகப்பூச்சுப் புட்டியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் வளையத்தின் மேல்வரைக்கும் மெல்லியதாக ஒரு கோடு இழுத்தார். திருகு இம்மி அசைந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். "இனிமேல் உங்கள் கையைப் பார்ப்பதற்கு முன் என் கோட்டைப் பாருங்கள்" என்றார் கணவரிடம்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்திய சனிக்கிழமை பெட்டி மறுபடியும் காரில் ஏறியது. அக்காவும் நானும்கூடப் போனோம். காதுக்கு மூடி போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தோம். தூரத்தில் பலகைகள் தபால் தலைபோல் தெரிந்தன. அவர் சுடுவார், பலகை கீழே இறங்கும், குழியில் இருப்பவர்கள் துளையில் ஓர் அடையாளத்தைச் செருகி மறுபடி ஏற்றுவார்கள். முதல் குண்டு தட்டுக்குள். இரண்டாவதும் தட்டுக்குள். ஏழாவது தட்டுக்கு வெளியே போயிற்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெரியவர் தலையைத் தூக்கி, மைதானத்தில் பறந்த கொடிகளைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "காற்று!" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தம்மைத் தவிர வேறு ஒன்றைக் குற்றம் சொல்ல முடிந்த சந்தோஷம் அது.

* * *

சென்னைக்கு வந்ததும் அம்மாவைப் பார்க்கப் போனேன். மேஜைமேல் நம் பத்திரிகையின் நான்கு இதழ்கள் பிரிக்காமல் கிடந்தன. தொடர்கதையை ஒரு வாரம் விட்டால் தூக்கம் வராத அம்மா!

"என்னம்மா இது?"

"கண் போயிடுச்சுப்பா. எழுத்தெல்லாம் கலங்குது. நாலு வரி படிச்சா தலை வலிக்குது. வயசாயிடுச்சு, இனிமே என்ன?"

நான் ஒன்றும் சொல்லாமல் அவள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக் காம்பு தொளதொளவென்று ஆடியது. மூக்கில் நிற்காமல் வழுக்கி வழுக்கி இறங்கியிருக்கிறது. கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் சேர்த்துப் போட்ட கண்ணாடி அது. அரை அங்குலம் இறங்கினால் படிக்கும் பாகம் கண்ணுக்கு எதிரிலேயே வராது. கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண் போன வருஷம் இருந்தபடியேதான் இருக்கிறது என்றார். தெருக்கோடிக் கண்ணாடிக் கடைக்காரர் சின்னத் திருப்புளியால் இரண்டு திருப்புத் திருப்பினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அன்று ராத்திரி அம்மா நான்கு இதழ்களையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். காலையில் காபி கொடுக்கும்போது கேட்டேன்.

"எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுதா அம்மா?"

"பேஷாத் தெரிஞ்சுது. தொடர்கதை நல்லாப் போகுது. உன் பக்கத்தையும் படிச்சேன்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கு மட்டும் கண்ணாடி முன்னே இருந்தபடியே இருந்திருக்கலாம்" என்றாள்.